டிக்கெட் போட்டு அனுப்பும் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று இந்த மலையில் பிறந்து, இப்போது டொராண்டோவிலும் மெல்போர்னிலும் டப்ளினிலும் இருந்துகொண்டு, அம்மா அப்பாவை வரவழைக்க டிக்கெட் போட்டு அனுப்புகிறீர்களே, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். என் மகளுக்கு மட்டும் எழுதினால் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதனால் ஊருக்கே எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பார்சல் வந்தது. உள்ளே கறுப்பு ட்ராக் பேன்ட் இரண்டு, மெத்தை மாதிரி ஒரு ஜோடி ஷூ, கழுத்தில் மாட்டும் தலையணை, தடியான ஜெர்கின். கூடவே மகனின் குரல் செய்தி: "அம்மா, ஃப்ளைட்ல இதைத்தான் போட்டுக்கணும், புடவையெல்லாம் வேண்டாம்." அந்த அம்மாவுக்கு 68 வயது. பேன்ட் என்ற பொருளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாரே தவிரப் போட்டதில்லை. நான் நான்கு தடவை கடல் தாண்டிப் போய் வந்தவள் என்பதால் பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "டீச்சர், இதுல நாடா முன்னாடி வருமா பின்னாடி வருமா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். குளிருக்கு எப்படி உடுத்துவது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். குல்லாயும் மஃப்ளரும் மாட்டி, ஸ்வெட்டர் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஏற்றியவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாத சங்கதிகள் வேறே இருக்கின்றன. அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

முதலில் விமானத்துக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 35,000 அடிக்கு மேலே பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி, தொட்டபெட்டா 8,650 அடி. அதாவது சாதாரண விமானம் ஒன்றில் உட்கார்ந்திருப்பது, மிஞ்சிப்போனால், ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பது மாதிரி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடிதான். அது நம்ம கோத்தகிரி. என் மகள் இதைச் சொன்னபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது. காது அடைப்பது, எச்சில் விழுங்கினால் திறப்பது, சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் ஒவ்வொரு தடவையும் நாம் பார்ப்பதுதானே. பாக்கெட் உப்புகிற மாதிரி வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் உப்பும். அதனால்தான் இடுப்பில் இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது. பாவாடை நாடாவை வீட்டில் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு போய், நள்ளிரவில் இருட்டில் முடிச்சு அவிழாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று மட்டும் ஊட்டி மாதிரி இல்லை. ஈரம். அந்த உயரத்தில் வெளிக்காற்று ஐம்பது டிகிரி மைனஸில் இருக்கும், அதில் ஈரமே கிடையாது. அந்தக் காற்றைத்தான் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். நீண்ட பயணத்தில் உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஐப்பசியில் மூன்று நாளானாலும் துணி காயாத ஊர்க்காரர்கள் நாம். மூடுபனியிலேயே வளர்ந்த தோலும் மூக்கும் இந்த வறட்சியைத் தாங்குவதில்லை. முதல் தடவை உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் கசிந்து, என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன். இதைத்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜெர்கின் மட்டும் வந்தது.

அந்த முதல் தடவையைச் சொல்கிறேன். ஜனவரி மாதம். காலையில் கோத்தகிரியில் வாயைத் திறந்தால் புகை. மகள் அனுப்பிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் பாலியெஸ்டர் ட்ராக் சூட், அதன்மேல் ஜெர்கின் என்று பொட்டலம் மாதிரிக் காரில் ஏறினேன். மலைப் பாதை இறங்க இறங்க வியர்க்க ஆரம்பித்தது. நாம் 5,900 அடியிலிருந்து ஆயிரம் சொச்சம் அடிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இறங்கிவிடுகிறோம், மேட்டுப்பாளையத்தில் ஜனவரியிலும் மதியம் வெயில் வெயில்தான். கோயமுத்தூர் பீளமேடு போய்ச் சேரும்போது உள்ளாடை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அங்கிருந்து சென்னை, அங்கே நள்ளிரவு தாண்டி ஐரோப்பா விமானம். அந்த ஈரத்தோடு ஏசியில் பத்து மணி நேரம். குளிர் வெளியிலிருந்து வரவில்லை, நான் கொண்டுபோன ஈரத்திலிருந்தே வந்தது. விடியலுக்கு முன்னால் உடம்புச் சூடு தானாகவே கொஞ்சம் குறையும் நேரம் வேறு. பல் கிட்டித்துப் போனது. போதாக்குறைக்கு அந்த வறட்சியில் பாலியெஸ்டர் துணி, கம்பளியைத் தொட்டாலே சட்சட்டென்று பொறி தட்டியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு விழித்தாள், பாவம்.

உங்கள் ஊரில் கிளம்புகிறவர் வீட்டு வாசலில் ஏறி விமான நிலையத்தில் இறங்குகிறார். எங்கள் பயணம் அப்படி இல்லை. கோத்தகிரி வீட்டு வாசலிலிருந்து டொராண்டோ வீட்டு வாசலுக்கு 38 மணி நேரம். அதற்குள் பனிக்காலம், கோடைக்காலம், ஏசி, மறுபடி பனிக்காலம் என்று நாலு பருவமும் வந்து போய்விடும். ஒரே கனமான துணி எதற்கும் உதவாது. மெல்லியது ஒன்றின்மேல் ஒன்று, கழற்ற வசதியாக. இப்போதெல்லாம் நான் தெர்மலைப் பையில் வைத்துக்கொண்டு மலை இறங்குகிறேன். சென்னையில் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு, விமான நிலையக் கழிப்பறையில் ஈரிழைத் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்கிறேன். விமானத்துக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்தக் கழிப்பறையில் முழங்கையை மடக்கவே இடம் இருக்காது. மேலே ஒரு கம்பளிச் சால்வை. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது, சீக்கிரம் நாறவும் நாறாது. எங்கள் மலைப் பழங்குடியினரான தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த பூத்துக்குளி என்ற போர்வை ஒன்று என்னிடம் இருக்கிறது. அது பருத்தி, கனம் கூட, ஆனாலும் மூன்றாவது பயணத்தில் ஆசைக்கு எடுத்துப்போனேன். விமானப் பணிப்பெண் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வேலைப்பாட்டுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இனி புடவைக்கு வருகிறேன், சண்டையே அங்கேதானே.

புடவை வேண்டாம் என்று நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. விமானக் கழிப்பறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், அது என்ன ஈரம் என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது. ஆறு கஜத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பையையும் பிடித்துக்கொண்டு, விமானம் ஆடும்போது நிற்பது சர்க்கஸ் வேலை. நைலான், பாலியெஸ்டர் புடவை என்றால் கட்டாயம் வேண்டாம். ஏதாவது ஆபத்தில் நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் கம்பளியும் அப்படி உருகாது. ஆனால் புடவைக்குப் பதில் ட்ராக் பேன்ட்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தளர்வான பருத்திச் சுடிதார், கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால், இடுப்பில் அகலமான எலாஸ்டிக். இது எனக்குச் சரிப்பட்டது. அதுவும் பழக்கமில்லாத அம்மாக்களுக்கு மெல்லிய கைத்தறிப் புடவையை இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டி, எலாஸ்டிக் வைத்த உள்பாவாடை போட்டாலே போதும். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் இன மக்களின் ஊரிலிருந்து, ஒரு படகப் பெரியம்மா கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வெள்ளை முண்டும் தலைத்துணியுமாகவே போய்ச் சேர்ந்தார். தொலைபேசியில் கேட்டதற்கு, "நல்லாத் தூங்கினேன், இறங்குறப்போதான் எழுப்புனாங்க" என்றார். பழகிய துணியில்தான் தூக்கம் வரும். முன்பின் போடாத உடுப்பில், அந்நியர் நடுவில், ராத்திரி முழுக்க உட்காரச் சொன்னால் எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?

சேஃப்டி பின்களை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் தோழி ஒருத்தி பதினொரு பின் குத்திக்கொண்டு போய், சோதனை வாசலில் ஒவ்வொன்றாகக் கூவவிட்டாள். அப்புறம் கொண்டை. பின்மண்டையில் கொண்டை போட்டால் தலை சீட்டில் சாயாது, கழுத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருபக்கமாகப் பின்னிப் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்துத் தலையணை அனுப்புவதைவிட இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

எங்களுக்குத் தெரியாத சங்கதிகள் என்று சொன்னேனே, அதில் பெரியது அசையாமல் உட்காருவது. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள், பத்து மணி நேரம் மடங்கியே இருந்தால் வீங்கிவிடும். காலையில் சரியாக இருந்த ஷூ இறங்கும்போது ஏறாது. ஆகவே அளவு கொஞ்சம் பெரிதாக, குனியாமல் நுழைக்கிற மாதிரி. ஏறும்போதும் இறங்கும்போதும் காலில் செருப்போ ஷூவோ இருக்கட்டும், கழிப்பறைக்கு வெறும் சாக்ஸோடு போகக்கூடாது. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்கும், மெட்டி இறுக்கும். மெட்டியைக் கழற்றச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்கமாட்டாள், வாய் திறந்த மெட்டியாக இருந்தால் சற்றுத் தளர்த்திவிட்டுக் கிளம்பலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. விமானம் மட்டுமில்லை, பஸ்ஸும் காரும் ரயிலும் அப்படியே. இரண்டு மடங்கு ஆனாலும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், பயந்து நடுங்க வேண்டியதில்லை. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் நல்லதுதான், ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் அது கெடுதலும் செய்யலாம். நீங்களாக ஆன்லைனில் வாங்கி அனுப்பாதீர்கள். இங்கே டாக்டரைக் கேட்டுவிட்டு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன். உங்கள் அம்மாக்கள் விமானத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. உங்களிடம் கேட்டால் குடித்தேன் என்பார்கள். குடிப்பதில்லை. ஏன் தெரியுமா? நீங்கள் பாசத்தோடு ஜன்னல் சீட் போட்டுவிடுகிறீர்கள், "அம்மா மேகத்தைப் பார்த்துட்டே வரட்டும்" என்று. ராத்திரி விமானத்தில் ஜன்னலை மூடச் சொல்லிவிடுவார்கள், மேகமாவது ஒன்றாவது. மேகம் வேண்டுமானால் கோடநாடு காட்சிமுனைக்குப் போனால் காலடியிலேயே கிடக்கும். ஜன்னல் சீட்டில் இருக்கும் அம்மா கழிப்பறை போக வேண்டுமென்றால், போர்வை போர்த்தித் தூங்கும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். மொழி தெரியாது. எழுப்பினால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். எங்கள் வயதில் இருமினாலும் தும்மினாலும் அடக்க முடியாத சங்கடம் வேறே உண்டு. ஆக, எளிய வழி: மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது. அந்த வறண்ட காற்றில், அசையாமல், தண்ணீரில்லாமல் பத்து மணி நேரம். உதடு வெடிக்காமல் என்ன செய்யும், தலை வலிக்காமல் என்ன செய்யும், கால் வீங்காமல் என்ன செய்யும்? இரண்டாவது பயணத்தில் நானும் இதைத்தான் செய்தேன். இறங்கியபோது விமான நிலையத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஜெட் லாக் என்றாள் மகள். நான் மறுக்கவில்லை.

நடைபாதைப் பக்கத்து சீட் போடுங்கள். கழிப்பறைக்கு நாலைந்து வரிசைக்குள் இருந்தால் இன்னும் நல்லது, ஒட்டியே இருந்தால் வாசனை வரும். அந்த சீட்டுக்குக் கூடுதலாகக் காசு கேட்டால் ஜெர்கின் வாங்கும் காசில் கொடுத்துவிடுங்கள். அதோடு, விமானம் மாறும் இடத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். சீக்கிரம் வந்து சேரட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நாங்கள் மூச்சிரைக்க ஓடி, வியர்த்து, அடுத்த பத்து மணி நேரத்துக்கு அந்த வியர்வையோடு உட்காருகிறோம். மூன்று மணி நேரமாவது கொடுங்கள். முகம் கழுவி, பல் துலக்கி, உள்ளாடை மாற்றி, நாலு எட்டு நடந்துவிட்டு ஏறினால் அடுத்த விமானத்தில் மனுஷியாக உட்காரலாம்.

குளிக்காமல் 38 மணி நேரம் இருப்பதுதான் எங்களை உள்ளுக்குள் அரிக்கிறது. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பையில் ஒரு ஜோடி உள்ளாடை, ஒரு சுடிதார் மேல்சட்டை, ஒரு ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் வேண்டாம், காயாது. காலைச் சிற்றுண்டி வண்டி வருவதற்கு முன்னால், எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அதாவது இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்த் துடைத்து மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். விளக்கு போட்ட பிறகு போனால் ரேஷன் கடை வரிசை. தூங்கும்போது சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டால் பணிப்பெண்கள் தட்டி எழுப்பிப் பார்க்கமாட்டார்கள். மூக்கிலும் உதட்டிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. திரவப் பொருள் எதுவானாலும் பாட்டிலுக்கு 100 மில்லிதான், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும் என்பது 2006-இல் லண்டனில் ஒரு சதி பிடிபட்ட பிறகு வந்த விதி. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கமாட்டார்கள், பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். நான் எடுத்துப்போன 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் எண்ணெய் இருந்தது. இது கட்டி, திரவமில்லை என்று வாதாடலாம் என்று பார்த்தேன். கோத்தகிரியில் ஜனவரியில் அது கட்டிதான், அலமாரியில் கல்லாக நிற்கும். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் உருகிவிட்டது, சோதனை மேஜையில் தளதளவென்று ஆடியது. எடுத்துக் குப்பையில் போட்டார்கள். நீலகிரித் தைலத்தை நானாகவே வீட்டில் விட்டுவிடுகிறேன். சளிக்கு நல்லதுதான், ஆனால் மூடிய இடத்தில் ஒரு சொட்டு திறந்தால் முப்பது வரிசைக்கும் மணக்கும். மல்லிகைப்பூவும் அப்படியே. ஆசையாக வைத்துக்கொண்டு ஏறினால் நடுராத்திரியில் வாடி ஒரு நெடி வரும். ஆஸ்திரேலியா மாதிரி ஊர்களில் பூ, விதை, இலை எது வைத்திருந்தாலும் இறங்கும்போது சொல்லியாக வேண்டும். ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம்.

அங்கே இறங்கிய பிறகு உங்களுக்குத்தான் வேலை. உங்கள் ஊர்க் குளிர் எங்கள் குளிர் இல்லை. எங்களுக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர், ஸ்வெட்டரைக் குளிக்கும்போதுதான் கழற்றுகிறோம். உங்கள் ஊரில் வெளியே உறைகிறது, கதவைத் திறந்து உள்ளே போனால் கோயமுத்தூர் சித்திரை. அந்தத் தடியான ஜெர்கின் தேவைப்படுவது விமான நிலைய வாசலிலிருந்து கார் வரைக்கும்தான். அதை எதற்குக் கோத்தகிரிக்கு அனுப்பி, மலை இறக்கி, மூன்று விமானம் ஏற்றி, கையில் சுமக்க வைக்கிறீர்கள்? காரில் வைத்திருங்கள். வாசலில் வந்து போர்த்துங்கள்.

இன்னொன்று. வாசலில் எங்களைக் கண்டதும் முதலில் போனைத் தூக்காதீர்கள். வீங்கிய முகத்தோடும் கலைந்த தலையோடும் நான் சிரிக்கும் படத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பி, அதற்கு "அத்தை இளைச்சுட்டாங்களே" என்று பதினேழு பேர் பதில் போட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் வெந்நீர். அப்புறம் காபி. படமெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வருகிற தை மாதம் மறுபடி டொராண்டோவுக்குப் புறப்படுகிறேன். டிக்கெட் இன்னும் போடவில்லை என்று மகள் சொன்னாள். நல்ல வேளை.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா

பி.கு.: அந்தப் பார்சல் அம்மா போன வாரம் கைத்தறிப் புடவையில், நடைபாதைப் பக்கத்து சீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். ட்ராக் பேன்ட் இரண்டையும் அவர் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் காலையில் பால் வாங்கப் போகிறார். குளிருக்கு நன்றாக இருக்கிறதாம்.